ஒரு தடவை கூப்பிட்டவர்கள்

சமையலறையில் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த சஃபா வாயைத் திறக்கவே இல்லை. ஆனாலும் கூடத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"கேட்டுச்சு. கரைக்கு வாங்க."

அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு ஓடினாள். அது அவள் பதிவு செய்து வைத்த குரல்தான், பயப்பட ஒன்றுமில்லை. கடலில் ஒரு வள்ளத்துக்காரர் ஆபத்தில் தன் கருவியின் சிவப்புப் பொத்தானை அமுக்கினால், இந்த வீட்டு மேசையில் இருக்கும் லேப்டாப் அந்தப் பதிலை அவர் கருவிக்கு அனுப்பும், இங்கேயும் ஒலிக்கும். இன்று வெள்ளிக்கிழமை. கீழக்கரை வள்ளங்கள் எல்லாம் கரையேறிக் கிடக்க, கடலில் இருப்பது அவள் கணவன் ஷாகிர் ஒருவன்தான். அவள் எழுதிய புது ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்க ஜும்ஆ முடிந்த கையோடு போயிருந்தான்.

"தீவத் தாண்டுனதும் ஒரே ஒரு தடவ அமுக்குவேன். பதில் வந்துருச்சுன்னா நேரா வீட்டுக்குத்தான் வாரேன். டீயப் போட்டு வையி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான்.

திரையில் ஷாகிரின் எண் இல்லை. பதினேழு என்று இருந்தது. அது ஹாஜா முகைதீன் காக்காவின் கருவி. போன வாடைக்காற்றில் அவரும் வள்ளமும் கருவியும் கடலோடு போய்விட்டார்கள். மையித்துகூடக் கிடைக்கவில்லை.

அந்தச் சாவுதான் சஃபாவை இந்த வேலையில் இறக்கியது. கருவிகளோடு பேசும் புரோகிராமை மீனவர் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தவர் பாம்பன் தர்மராஜ் அண்ணன். சி மொழியில் எழுதி, இயந்திரம் மட்டுமே படிக்கக்கூடிய ஒற்றை லைப்ரரி ஃபைலாகக் கட்டிக் கொடுத்துவிட்டு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். எழுதிய மூல வரிகளை எங்கே வைத்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த ஃபைலைப் பிரித்துத் திருத்த முடியாது. உள்ளே இருக்கும் ஃபங்க்ஷன்களைத் தான் பைத்தான் மொழியில் எழுதும் புரோகிராமிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்கலாம், அவ்வளவுதான். அதில் ஒரு வம்பும் இருந்தது. மூன்று தடவை அமுக்கினால்தான் பதில் போகும். ஹாஜா காக்காவால் ஒரு தடவைதான் அமுக்க முடிந்தது. இரண்டாவது தடவைக்கு அலை விடவில்லை. ஃபைல் மூன்று வரும்வரை காத்துக்கொண்டே இருந்தது, கரையில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"செத்துப்போன மனுஷரு வச்ச கணக்குக்கு உசுரோட இருக்கவுக சாகணுமா மச்சான்?" என்று அவள் ஷாகிரிடம் பொருமித் தீர்த்தாள்.

ஃபைலைத் துழாவியபோது, மூன்று வரை எண்ணும் ஃபங்க்ஷனுக்கு அடியில் இன்னொன்று கிடைத்தது. எண்ணாது, தடுக்காது, வந்த அழைப்பை வந்தபடி கொடுக்கும். சஃபா மேலே இருந்ததைத் தாண்டிப்போய் அதையே நேராகக் கூப்பிட்டாள். பதில் அனுப்புவதற்குத் தான் எழுதிய ஃபங்க்ஷனின் முகவரியை அதன் கையில் கொடுத்தாள். இனி யார் ஒரு தடவை கூப்பிட்டாலும் லைப்ரரி அந்த முகவரிக்கு வந்து சொல்லும், பதில் தானாகப் போகும். தர்மராஜ் அண்ணனால் முடியாததைத் தான் முடித்துவிட்டதாக ஒரு மிதப்புகூட அவளுக்கு இருந்தது.

பதினேழைப் பார்த்ததும் முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். லைப்ரரி என்ன வகை எண்ணைக் கொடுக்கும் என்று பைத்தானிடம் தப்பாகச் சொல்லிவிட்டால், அது கொடுப்பது ஒன்றும் இது படிப்பது இன்னொன்றுமாக ஆகிவிடும். உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வெளியே அந்தி சாய்ந்திருந்தது, கச்சான் காற்று சட்டென்று நின்றுபோயிருந்தது. காலையிலிருந்து ஜன்னல் கம்பியில் தட்டிக்கொண்டிருந்த துணிக்கொடி அசையாமல் தொங்க, சந்தில் காயப்போட்ட கருவாட்டு வாடைக்கு அடியில் வேறொரு வாடை, ஆழத்துச் சேற்றை யாரோ வாசலில் கொட்டிவிட்டுப் போன மாதிரி ஒரு குளிர்ந்த வாடை, மெல்ல மெல்லக் கூடத்துக்குள் வந்து நிறைந்தது.

"கேட்டுச்சு. கரைக்கு வாங்க."

இந்த முறை இருநூற்று மூன்று. சங்கம் கொடுத்ததே அறுபது கருவிகள்தான்.

ஷாகிருக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. பாம்பனில் இருக்கும் தர்மராஜின் மனைவி உமையாளுக்குப் போட்டாள்.

"அக்கா, நான் கீழக்கரை சஃபா. அண்ணன் அந்த மூணு தடவக் கணக்க எதுக்கு வச்சாருன்னு தெரியுமா?"

உமையாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மொதல்ல ஒரு தடவைக்கே பதில் போற மாதிரித்தாம்மா எழுதுனாரு. சோதிச்சுப் பாத்த அன்னைக்கு மொகம் வெளிறிப்போயி வந்தாரு. அந்தி நேரத்துல பேரச் சொல்லி யாரு கூப்பிட்டாலும் மூணாவது தடவதான் ஏன்னு கேக்கணும்னு சொல்லுவாகள்ல, அத உள்ளுக்குள்ளயே எழுதிட்டேன் உமையான்னாரு. நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல. ஏம்மா, நீ அதத் தொட்டியா?"

சஃபா போனை வைத்துவிட்டாள். அந்த வழக்கம் அவளுக்கும் தெரியாததில்லை. சின்ன வயதில் மஃரிபு நேரத்தில் சந்திலிருந்து குரல் வந்தால், உம்மா அவள் வாயைப் பொத்திவிட்டு விரல்விட்டு எண்ணுவாள். உசுரோட இருக்கவுக திரும்பத் திரும்பக் கூப்பிடுவாக, மத்ததுக்கு ஒரு தடவைக்கு மேல கூப்பிட வராது என்பாள். இயந்திரத்துக்கும் அதையே சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று சஃபாவுக்குத் தோன்றவே இல்லை.

திரையில் வரைபடம் இருந்தது. நீலத்தில் புள்ளிகள். பதில் வாங்கிய ஒவ்வொரு புள்ளியும் கரையைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க இன்னும் புள்ளிகள் முளைத்தன. எல்லாமே ஒரு தடவை கூப்பிட்டவை. எல்லாவற்றுக்கும் அவள் குரலில் பதில் போனது.

அணைத்துவிடலாம் என்று கை போனது. அணைத்துவிட்டால் ஷாகிர் கூப்பிடும்போது கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். கையை இழுத்துக்கொண்டாள். அழைப்புகள் வரட்டும், பதில் மட்டும் போகாமல் இருக்கட்டும் என்று தான் எழுதிய பதில் ஃபங்க்ஷனை மட்டும் அழித்தாள்.

பதற்றத்தில் ஒன்றை மறந்துவிட்டாள். ஃபங்க்ஷனை அழித்தாலும் அதன் முகவரி லைப்ரரியிடம் இருக்கும். வீட்டைக் காலி செய்தது அதற்குத் தெரியாது. அந்த முகவரியில் அடுத்துக் குடிவந்தது எதுவோ அதைத்தான் போய்க் கூப்பிடும். சாதாரணமாக எல்லாம் நொறுங்கி நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை.

"கேட்டுச்சு. கரைக்கு வாங்க. வாங்க."

இரண்டாவது 'வாங்க' அவள் பதிவு செய்ததல்ல.

 காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்சியை ஆரம்பித்தாள், பாதியில் நாக்கு புரண்டது. அப்போது திரையில் நாற்பது வந்தது.

ஷாகிரின் எண்.

"கேட்டுச்சு. கரைக்கு வாங்க. வாங்க."

அவள் திரையையே பார்த்தாள். ஒரு தடவை. ஒரே ஒரு தடவைதான் அமுக்குவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். சொன்னபடி செய்திருக்கிறான். வேறொன்றுமில்லை. வேறெதுவும் இருக்கக் கூடாது, ரப்பே. ஆனாலும் இன்னொரு தடவை அமுக்க மாட்டானா என்று காத்திருந்தாள்.

அவன் அமுக்கவில்லை.

நாற்பது நகர்ந்தது. வள்ளங்கள் வரும் கால்வாய் வழியாக அல்ல. கடலடிப் பாறைத்திட்டான பார்மேல் ஏறி, நேராக. வள்ளம் பார்மேல் ஏறாது. பின்னால் மற்றப் புள்ளிகள். ஜெட்டி. ஜெட்டியைத் தாண்டி. மீன்கடைத் தெரு. பள்ளிவாசல் முக்கு.

அவர்கள் சந்து.

கரண்டு போனது. லேப்டாப் வெளிச்சம் மட்டும். அடுப்பில் தண்ணீர் சுண்டி, பாத்திரம் தீயும் வாடை. அதற்கு மேல் சேற்று வாடை. வெளியே ஈரக்கால்கள். ஒரு ஆள் நடக்கும் சத்தமல்ல.

"சஃபா."

ஷாகிரின் குரலேதான். தொண்டையில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும் குரல். வழக்கமாக வாசலில் நின்று நாலு தடவை கத்தித் தெருவையே கூட்டிவிடுவான். சஃபா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓடிப்போய்க் கதவைத் திறக்க வேண்டும் போலிருந்தது, அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

இன்னொரு தடவ கூப்பிடுங்க மச்சான். இன்னும் ஒரு தடவ.

அமைதி.

கதவுக்கு அடியில் தண்ணீர் வந்தது. கால் விரலைத் தொட்டது. சில்லென்று.

மேசையிலிருந்து அவள் குரல் பேசியது. அன்பாக, மெதுவாக, கணவனிடம் மட்டும் பேசும் குரலில்.

"கேட்டுச்சு மச்சான். கதவு தொறந்துதான் இருக்கு. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க."

இரும்புத் தாழ்ப்பாள், உள்பக்கம், அவள் கண்ணெதிரே, ஒரு விரற்கடை விலகியது. பிறகு இன்னொரு விரற்கடை.