உத்தரியத்தில் கோத்த சாவி

கண் விழித்ததும் ஞானராஜ் முதலில் தன் கைகளைத்தான் பார்ப்பான். விடுதலையாகி வந்ததிலிருந்து அதுதான் பழக்கம். அன்றைக்கு நகக்கண்ணில் மஞ்சளாய் ஏதோ மினுங்கியது. பித்தளைத் தூள். வேலை கொடுக்க ஆளில்லாமல் அவன் பூட்டுப் பட்டறையைச் சாத்தி வாரக்கணக்காகிறது. ராத்திரி முழுக்க அவனும் பூட்டிய அறைக்குள்தான் கிடந்தான்.

பூட்டச் சொன்னதே அவன்தான். தூக்கத்தில் எழுந்து நடந்து, கூடத்தில் படுத்திருந்த சொந்தத் தம்பி இனிகோவைச் சுத்தியலால் அடித்துக் கொன்றவன். அறியாமல் செய்தது குற்றமாகாது என்று கோர்ட்டில் விட்டுவிட்டார்கள். டாக்டர் சொன்னதைவிட, கூண்டேறி மனைவி மரியசெல்வி சொன்னதுதான் எடுபட்டது: "கண்ணு தொறந்துதான்யா இருந்துச்சு. ஆனா அவரு முழிச்சு இல்ல." விடுதலை என்றபோது அவனுக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே மரத்துக் கிடந்தது.

தலையணையைப் பிசைந்து பார்த்தான். பஞ்சுக்குள் ஒரு சின்ன அரம். அதை அவளிடம் நீட்டினான்.

"செல்வி, ராத்திரி கதவப் பூட்டுனியா?"

"பூட்டாமயா? சாவி இந்தா இருக்குங்க." கழுத்தில் போட்டிருந்த, மாதா படம் தைத்த உத்தரிய நூலில் கோத்திருந்ததை இழுத்துக் காட்டினாள்.

"பிள்ளையக் கூட்டிக்கிட்டு வடமதுரைக்கு ஒங்கம்மா வீட்டுக்குப் போயிரு."

"ஞாயித்துக்கெழம பூச முடியட்டும், போறேன்."

"அதுவரைக்கும் கடைப் பூட்டு ஒண்ணு வாங்கி மாட்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பூட்டுக்காரன் வீட்ல கடைப் பூட்டா? ஊரே சிரிக்கும். ஒங்க கையால செஞ்சத எவன் தொறப்பான்?"

கதவோடு பதித்து, இரண்டு பக்கமும் சாவி போடும்படி அவனே செய்த பூட்டு. அவள் சொன்னது அவனுக்கும் சரியென்றே பட்டது. அரம் பரணுக்குப் போனது. அது எதை அராவியது என்று தேட இருவருக்குமே தோன்றவில்லை.

அன்றிரவு தோல் பதனிடுகிற ஷாப்பு நாற்றமும் கொசுவர்த்திப் புகையும் கலந்த புழுக்கத்தில், சாவி திரும்புகிற சத்தத்தையும், கூடத்தில் அவள் பாய் விரிப்பதையும், மகள் அனிஷா ஜெபத்தைப் பாதியில் விட்டுத் தூங்கிப்போவதையும் கேட்டபடியே கண் செருகினான்.

முகத்தில் வெயில்.

கைகளைப் பார்த்தான். சுத்தம். கழுவிய கைகள்.

அவன் அறைக்கு வெயில் வராது.

கூடம். அவர்களுடைய பாய். அதில் அவன் மட்டும்.

எதிரே அவன் அறைக் கதவு. பூட்டியிருந்தது. துவாரத்தில் புதிதாய் அராவிய பித்தளைச் சாவி ஒன்று.

"செல்வி..."



"அனிஷா... தங்கம்..."

கூண்டேறிச் சொல்ல இந்தத் தடவை யாருமில்லை என்பதுதான் முதலில் தோன்றியது. அழுகை வரவில்லை.

நெஞ்சில் ஏதோ சில்லென்றது. தொட்டுப் பார்த்தான். அவளுடைய உத்தரியம். நூல் நனைந்திருந்தது. சாவி அதிலேயே இருந்தது.