இரண்டு குரலும் சிட்டு

அந்தப் பழைய தொலைபேசி நிலையத்தின் வாசலில் வேன் வந்து நின்றபோது மணி இரண்டு. சுவரெல்லாம் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. டிரம்ஸ் பெட்டிகளை இறக்கியபடியே, "நம்ம ராசியான இடத்துக்கு வந்துட்டோம்டா," என்றான் இடி. அவன் கதவைத் தட்டினாலே அக்கம்பக்கத்தார் எழுந்துவிடுவார்கள் என்று சிட்டுவின் அண்ணன் வைத்த பெயர் அது.

சிட்டு சிரிக்கவில்லை. வேனிலேயே உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

அவள்தான் பாடகி. அண்ணன் கிட்டார். குழுவில் மூன்றே பேர். ஆறு மாதத்துக்கு முன்புவரை அவர்கள் பாட்டைக் கேட்டவர்கள், இடியின் கணக்குப்படி, சொந்தக்காரர்களையும் சேர்த்து நாற்பத்தொரு பேர். அப்புறம் ஒரு மதியம், இந்தக் கட்டடத்தின் மாடிக் கூடத்தில் ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். நிலையத்தை மூடிப் பல வருடங்களாகியிருந்தன. கூடம் சும்மா கிடந்தது, எதிரொலியும் நன்றாக இருந்தது. வீட்டில் போட்டுக் கேட்டபோது, கடைசிச் சரணத்தில், சிட்டுவின் குரலுக்குக் கொஞ்சம் கீழே, இன்னொரு பெண்ணின் குரல் பாடியது.

கேட்க அவ்வளவு அழகாக இருந்தது. யாருக்கும் அதை அழிக்க மனம் வரவில்லை, அப்படியே வெளியிட்டார்கள்.

ஒரே வாரத்தில் பாட்டு தீயாய்ப் பரவியது. தெரியாதவர்களெல்லாம் எழுதினார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான், அந்த இரண்டாவது குரல் யாருடையது? சிட்டுவின் குரலைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஒரே பாடகி ஒரே வரியை இரண்டு முறை பாடி, ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பது பதிவில் வழக்கம்தான். அதனால் பொய் சொல்வது சுலபமாகிப்போனது. அண்ணனிடம்கூடக் கேட்காமல், பாட்டுக்குக் கீழே சிட்டு ஒரு வரியைச் சேர்த்தாள். 'இரண்டு குரலும்: சிட்டு.'

அன்றிலிருந்து அவளால் ஓர் இடத்தில் நிலையாக உட்கார முடியவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நடப்பாள். நடந்துகொண்டிருக்கும்போதே நின்று காது கொடுப்பாள். ஒவ்வொரு ஒத்திகைப் பதிவிலும் அந்தக் குரல் கொஞ்சம் மேலே வந்திருந்தது. அவளுடையது கொஞ்சம் மெலிந்திருந்தது. மைக் பழசாகிவிட்டது என்று அண்ணன் புதிது வாங்கினான்.

இன்னும் மெலிந்தது.

இன்று அதே கூடத்தில் அவர்களுடைய முதல் மேடை. நானூறு டிக்கெட்டும் தீர்ந்துவிட்டன. பெரிய இசை நிறுவனம் ஒன்றிலிருந்து ஓர் அம்மையார் நேரில் கேட்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் அண்ணன் கிடங்கு வேலையை விட்டுவிடலாம்.

மாடிப்படி ஏறும்போதே அந்த வாசனை வந்தது. தூசி, சூடேறிய ரப்பர், அதற்குள் யாரோ பூசிக்கொண்ட பவுடர். கூடத்தின் நீளச் சுவரில் பன்னிரண்டு கொக்கிகள். முன்பு இங்கே ஒயரைத் துளையில் செருகி அழைப்புகளை இணைத்துவிட்ட பெண்கள், காதில் மாட்டும் கருவியைத் தொங்கவிட்ட இடம். ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் எண். ஏழாம் எண்ணுக்குக் கீழே சிட்டுவின் மைக்கை நிறுத்தியிருந்தார்கள். போன தடவையும் அங்கேதான்.

"இங்க இருந்த பொண்ணுங்க லைன்ல அவங்க பேரைச் சொல்லக் கூடாதும்மா," என்றார் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த காவலாளி, அவள் கொக்கிகளைப் பார்ப்பதைக் கண்டு. "நம்பர்தான். ஏழாம் நம்பர் மட்டும் லைன் கிடைக்கிற வரைக்கும் மெதுவா பாடுமாம். யாரும்மா பாடுறதுன்னு அந்தப் பக்கம் கேப்பாங்களாம். பேரைச் சொல்ல முடியாதே, பாவம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. ஒரு நாள் காதுல மாட்டினதைக் கழட்டாமலே, உக்கார்ந்தபடியே போயிடுச்சு." அவர் ஒரு நாற்காலியைத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

மூன்றரை மணிக்கு ஒலிச் சோதனை. கூடத்தின் மறுகோடியில் தன் ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சவுண்ட்காரர், "பாடகி மைக் மட்டும்," என்று கை காட்டினார். சிட்டு பல்லவியைப் பாடினாள்.

ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை.

அவர் ஒயரை மாற்றினார். மைக்கை மாற்றினார். மறுபடி பாடச் சொன்னார். பலகையில் அவள் மைக்கின் ஒலி அளவைக் காட்டும் சின்னப் பச்சை விளக்கு அசையவே இல்லை. போதும், நிறுத்து என்று சைகை செய்தார். அவள் வாயை மூடினாள்.

பச்சை விளக்கு ஏறத் தொடங்கியது.

"ஆங், இப்ப வருது," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே. "அருமை. அப்படியே பாடு."

கூடம் முழுக்க அந்தக் குரல் நிறைந்தது. கொஞ்சம் கீழே, கொஞ்சம் ஈரமாக. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரை மீட்டினான். இடி தாளம் போட்டான். ஒருவரும் அவள் வாயைப் பார்க்கவில்லை.

மேடையில் பாட்டைக் கேட்பதற்காக அவள் காதில் செருகியிருந்த சின்னக் கருவிக்குள், மிக மரியாதையாக ஒரு பெண் பேசினாள்.

"ரெண்டும் நான்தான்னு எழுதினது நீங்கதானே?"

சிட்டு கருவியைப் பிடுங்கி எறிந்தாள்.

பின்கட்டில் அண்ணனை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பாதிவரை பொறுமையாகக் கேட்டான். பிறகு வாசலில் நீண்டிருந்த வரிசையை எட்டிப் பார்த்தான்.

"அண்ணா, அது நான் இல்லன்னு மேடையிலேயே சொல்லிடறேன். சொல்லிட்டா விட்டுடும்."

"இன்னிக்கா? அந்தம்மா முன் வரிசையில உக்காரப் போறாங்க. பயத்துல என்னென்னவோ கேக்கும்." அவள் தலையைத் தடவினான். "இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டுப் பாடு, கண்ணு."

சொன்ன பிறகுதான் அவனுக்கே சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

ஆறரைக்குக் கூடத்தில் எள் விழ இடமில்லை. எல்லோர் கையிலும் போன் உயர்ந்திருந்தது. முதல் வரியிலிருந்தே சிட்டு உயிரைக் கொடுத்துப் பாடினாள். கழுத்து நரம்பு புடைத்தது, மூச்சு எரிந்தது. தன் குரலில் ஓர் இழைகூடத் தன் காதுக்கு எட்டவில்லை. ஸ்பீக்கரிலிருந்து அந்த இன்னொரு குரல்தான் நிதானமாக, அலட்டாமல், அழகாகப் பாடியது. முன் வரிசையில் நிறுவனத்து அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் ஓயும்வரை அவள் காத்திருந்தாள். அண்ணன் தலையை அசைத்து வேண்டாம் என்றான்.

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். "அந்த ரெண்டாவது குரல் நான் இல்ல," என்றாள்.

"அந்த ரெண்டாவது குரல் நான்தான்," என்றது ஸ்பீக்கர்.

கூடம் அதிர்ந்தது. நானூறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

எட்டரைக்கு வேன் கிளம்பியது. அம்மையார் கைகுலுக்கி, நாளையே வரச் சொல்லியிருந்தார். முன் சீட்டில் அண்ணனுக்கும் இடிக்கும் தலைகால் புரியவில்லை. பின் சீட்டில் சிட்டு, கூட்டத்தில் சொன்னதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசாமல், ஜன்னலுக்கும் கதவுக்குமாக நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தாள். ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாய்ப் பின்னால் போயின. அந்தக் கட்டடம் கண்ணுக்கு மறைந்தபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அண்ணன் போனைப் பின்னால் நீட்டினான். "வீட்ல இருந்து அம்மா. உன்கிட்டதான் பேசணுமாம்."

அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"அம்மா," என்றாள்.

"ஹலோ? யாரு? ஒண்ணுமே கேக்கலியே."

"அம்மா, நான்தாம்மா."

"ஹலோ? சிட்டு?"

போனுக்குள், மிகப் பக்கத்தில், எதையோ துளையில் செருகியது போல ஒரு சின்னச் சத்தம்.

"காத்திருங்க. இணைக்கிறேன்."

சிட்டு இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஆங், இப்ப நல்லாக் கேக்குது," என்று அந்தப் பக்கம் அம்மா சிரித்தாள். "சொல்லு கண்ணு." கொஞ்ச நேரம் யார் பேசுவதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்படியா... அடடா... பாவம், எவ்வளவு நேரமா உக்காந்திருக்கே. வா, வா. வாசக்கதவைத் திறந்தேதான் வெச்சிருக்கேன்."