ஐந்தாவது கோடு வரவில்லை

"குடைய அந்தப் பக்கம் மடக்கக் கூடாதா? லேப்டாப் நனையுது பாருங்க..."

இரணியல் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தவன் இப்படி வள்ளென்று விழுந்ததும் ஷாஹினாஸுக்குச் சுருக்கென்றது. கூடப்பிறந்த ராத்தா வீட்டிலிருந்து மழையோடு மழையாக ஓடி வந்தவள் அவள்.

"ஸ்டேஷன் உங்க வாப்பா கெட்டினதா? தள்ளி இருங்க."

நிமிர்ந்தான். மழைத்துளி தொங்கும் இமைகள்... அதற்குள் ஒரு சிரிப்பு வேறு. சட்டென்று திரும்பிக்கொண்டவளின் கண், அவன் திரையில் போய் ஒட்டிக்கொண்டது.

அந்தப் படம்! விண்வெளி மேகத்தில் ஒரு புது மூலக்கூறு இருக்கிறது என்று காட்டும் ரேடியோ அலைக் கோடுகள். கீழே பெயர்: ஃபாயிஸ்.

இவனா? கொளச்சல்காரன் என்று கேள்விப்பட்ட அந்த ஃபாயிஸா?

அவள் வருடக்கணக்காக ராப்பகலாகத் தேடிய மூலக்கூறு அது. போன வருடம் இவன் முந்திக்கொண்டான். அன்று முதல் அவள் ஆராய்ச்சி கைடு வாயைத் திறந்தால், "ஃபாயிஸைப் பாரு." முகம் தெரியாத ஒருவன் மேல் அப்படி ஒரு வயிற்றெரிச்சல்... இப்போது முகமும் தெரிந்துவிட்டது. அது அழகாக வேறு இருந்து தொலைத்தது.

"நாளைக்குத் திருவனந்தபுரத்துல பேசணும். புது டேட்டா," என்றான் தானாகவே. "இதெல்லாம் புரியுமா?"

"கொறச்சு புரியும்..." என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்புறம்தான் கவனித்தாள். ஒரு மூலக்கூறு இருக்கிறது என்றால் அதற்குரிய கோடுகள் எல்லாமே வந்தாக வேண்டும். வலுவான ஒன்று வராவிட்டாலும் அது அந்த மூலக்கூறே அல்ல. இவன் படத்தில் போன வருடம் காட்டிய நாலு கோடும் இருந்தது. புது டேட்டாவில் ஐந்தாவது வரவேண்டிய இடம் துடைத்துவைத்த மாதிரி கிடந்தது. நாளை அதே அரங்கில் அவளும் இருப்பாள். எழுந்து ஒரே ஒரு கேள்வி... இவன் பெயர் இறங்கும், அவள் பெயர் ஏறும். நல்லா வேணும் என்று மனசு குதித்தது.

அவன் போன் அடித்தது.

"சொல்லு நந்தனா... ஓ, படத்த இப்ப அனுப்புதேன். நீ ஒரு தடவ பாத்துக்கோ. நீ இல்லன்னா நான் என்ன செய்யப் போறேன்..."

நந்தனாவா? யார் அது? என்ன ஒரு கொஞ்சல்! ஷாஹினாஸுக்குக் காது சுட்டது. ஆளைப் பார்த்து அரைமணி ஆகவில்லை, இது என்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டி முடிப்பதற்குள் வாய் முந்திவிட்டது.

"அனுப்பாதீங்க! அஞ்சாவது கோடு எங்க?"

அவன் சிரிப்பு அணைந்தது. படத்தைப் பெரிதாக்கினான், உருட்டினான்... முகம் கறுத்தது.

"எனக்குச் சொல்லித்தர நீங்க யாரு?"

லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு பிளாட்ஃபார்ம் கடைசி வரை போய் மழையில் நின்றான். போச்சு. அவனும் போனான், நாளைய கேள்வியும் போனது. அவளுக்கு அழுகை முட்டியது.

வண்டி வரும் அறிவிப்பு கேட்டபோது நனைந்தபடி திரும்பி வந்தான்.

"நீங்க சொன்னது சரிதான். நாளைக்கு மேடையில நானே சொல்லிருதேன்..." தயங்கினான். "கோட்டாறு ஷாஹினாஸ்தான நீங்க? உங்க பேப்பர் ஒண்ணு விடாம படிச்சிருக்கேன். இந்தக் கோடெல்லாம் மனப்பாடமா வேற ஆருக்குத் தெரியும்? நாளைக்கு எந்திச்சுக் கேட்டிருந்தா எனக்க கத முடிஞ்சிருக்கும். பின்ன ஏன் இப்பமே சொன்னிய?"

துப்பட்டா நுனியை முறுக்கினாள். பொய் சொல்ல ஆசைதான்... வரவில்லை.

"கேக்கணும்னுதான் இருந்தேன். நீங்க தலகுனிஞ்சு நிக்கதப் பாக்க அவ்வளவு கொதி, அவ்வளவு ஆச. ஆனா..."

"ஆனா?"

"அந்த நந்தனா கண்டுபிடிச்சு, அவ உங்களக் காப்பாத்திருவாளோன்னு..." குரல் இறங்கியது. "அது மட்டும் என்னால சகிக்க முடியல்ல."

வண்டி வந்து நின்றது. ஃபாயிஸ் தன் பையோடு அவள் பெட்டியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டான்.