வறண்ட கிணறும் ஒரு நட்சத்திரமும்

"என் தம்பியைத் தூக்கில் போட்டுவிடுவார்கள்," என்றாள் ஜெபமலர்.

துப்பறிவாளர் நாச்சிமுத்து அவளை அவசரப்படுத்தவில்லை. சேலத்து வெயில் ஜன்னலில் அசையாமல் நின்றது. உதவியாளன் அப்புசாமிதான் பொறுக்க மாட்டாமல் நாற்காலியில் நெளிந்தான்.

ஜெபமலர் மெல்லச் சொன்னாள். அவள் தந்தை ஆரோக்கியசாமி ஓய்வுபெற்ற லத்தீன் ஆசிரியர். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் வீடு. பெரிய வெள்ளிக்கிழமை காலையில் தம்பி சவரியார் அவரோடு உரக்கச் சண்டை போட்டான். மறுநாள் வீட்டுக்குப் பின்னாலிருந்த வறண்ட கிணற்றில் அவர் பிணமாகக் கிடந்தார். மூன்று பேர் சாட்சி சொன்னதால் போலீஸ் சவரியாரைக் கைது செய்தது.

"சாயங்காலம் மரக்கட்டையைத் தட்டிச் சிலுவைப்பாதைக்குக் கூப்பிட்டார்கள். நான் முன்னால் போனேன். அப்பா பின்னால் வருகிறேன் என்றார். வரவே இல்லை."

மறுநாள் மூவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். அப்பாவின் அறையில் அவர் எழுதிய அயல்மொழிச் சொற்களோடு ஒரு கரும்பலகை இருந்தது. அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை போலும்.

"ரஷ்யருக்குச் சுஹோய். போலந்துக்காரருக்கும் செக் நாட்டாருக்கும் சுஹி. எல்லாம் 'உலர்ந்த' என்பதுதான்," என்றாள் ஜெபமலர். "இவற்றின் தாய்ச்சொல் சுஹு. பெண்பாலுக்குச் சுஹா, ஒன்றன்பாலுக்குச் சுஹோ."

"முன்னால் நட்சத்திரம் எதற்கம்மா?" என்று சுஹுவின் பக்கத்திலிருந்த குறியைக் காட்டினார் நாச்சிமுத்து.

"எழுத்தில் யாரும் பார்த்திராத சொல். மகள்களை வைத்துத் தாயைக் கண்டுபிடித்தது என்று அடையாளம்."

"ஓரத்தில் சௌசஸ் என்று இருக்கிறதே?"

"லித்துவேனியச் சொல். தூரத்து உறவு. அங்கே நடுவிலுள்ள 'ச'கர ஒலி மாறவில்லை. இந்த மூன்று மகள்களிடமும் 'ஹ' ஆகிவிட்டது. தனித்தனியே மூவரும் ஒரே இடத்தில் மாறுவது அபூர்வம். மாற்றம் தாய்வீட்டிலேயே நடந்திருக்கும் என்பார் அப்பா."

நாச்சிமுத்து பலகையின் முன் வெகுநேரம் நின்றார்.

"செத்தவரோட சொல்லாராய்ச்சி நமக்கு எதுக்குங்க?" என்று அப்புசாமி முணுமுணுத்தான்.

"பேசாமல் இரு."

அடுத்த தோட்டம் வீரபாகுவின் சாயப்பட்டறை. கழிவுத் தண்ணீரை அந்த வறண்ட கிணற்றில் விட அவர் கேட்டதும், அப்பா உறுதியாக மறுத்ததும் ஊருக்குத் தெரியும். சவரியாருக்கு எதிரான சாட்சிகள் மூவரும் அந்தப் பட்டறை ஆட்கள்.

"கோயில் மணி அடிச்சுதுங்க. திரும்பிப் பார்த்தனுங்க. சவரியார் தம்பி அவங்கப்பனைக் கிணத்தோரம் இழுத்துட்டுப் போனாருங்க," என்றாள் அங்கம்மாள். மற்ற இருவரும் தனியே கேட்டபோது அதையே சொன்னார்கள். முதலில் மணி, பிறகு திரும்பிப் பார்த்தது, பிறகு சவரியார்.

மாலையில் சப்-இன்ஸ்பெக்டர் எல்லாரையும் கிணற்றருகே வரவழைத்தார்.

"ஏனுங்க, காஞ்ச கிணத்தை எட்டிப் பார்க்கவா சேலத்துல இருந்து வந்தீங்க?" என்று சிரித்தார் வீரபாகு.

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. "பெரிய வெள்ளிக்கிழமை கோயில் மணி அடிக்காதுங்க. வியாழன் பூசையில் அடங்கினால் ஈஸ்டர் பூசை வரைக்கும் அதற்கு நாக்கு இல்லை. மரக்கட்டைதான்."

அவர் சாட்சிகள் மூவர் பக்கமும் திரும்பினார்.

"ஒருத்தர் தவறினால் மறதி. மூவரும் ஒரே இடத்தில் தவறினால் அந்தத் தவறு அவர்களுடையது அல்ல. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாயுடையது. தினமும் பொழுது சாயக் கேட்கிற மணி, அன்றும் அடித்திருக்கும் என்று அந்த வாய் நினைத்துவிட்டது. கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவர் யாரும் அப்படி நினைக்க மாட்டார்."

அங்கம்மாளின் முகம் வெளுத்தது. "மணி அடிக்கலீங்களா?" என்று வீரபாகுவைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்கதானுங்களே மணின்னு சொல்லச் சொன்னீங்க! நாங்க அன்னிக்கு ஊட்டை விட்டே வரலையேங்க!"

வீரபாகு பட்டறைப் பக்கம் ஓரடி பின்வாங்கினார்.

"ஆரோக்கியசாமி சிலுவைப்பாதைக்குக் கிளம்பினார்," என்றார் நாச்சிமுத்து. "கிணற்றோரம் நீங்கள் காத்திருந்தீர்கள். கடைசியாக ஒருமுறை கேட்டீர்கள். அவர் மறுத்தார். கிணற்றில் தள்ளிவிட்டீர்கள். இதை யாரும் பார்க்கவில்லை. அதனால் நான் சொன்னதற்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டுக்கொள்ளுங்கள்."

ஜெபமலர் கிணற்றின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். கீழே காய்ந்த பாறை மட்டும் தெரிந்தது.

அப்போது கோயில் மணி அடித்தது. எல்லாரும் கோபுரத்தின் பக்கம் திரும்பினார்கள். வீரபாகு மட்டும் தலையைத் தூக்கவில்லை.