எட்டுக் கொம்புக்கு ஒரு பட்டுப் போர்வை

அங்கயற்கண்ணி இடது கையால் இட்லிப் பானையை இறக்கிக்கொண்டே, வலது கையால் செவ்வாயின் தென்துருவத்தில் பனிப்பாறை வெட்டிக்கொண்டிருந்தாள். செம்புழுதி நகரில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. வீட்டிலிருந்தபடியே உணர்கையுறையை மாட்டிக்கொண்டு கையை அசைத்தால், எங்கோ துருவத்தில் நிற்கும் பனித்தோண்டியும் அப்படியே அசையும். நகரம் குடிப்பது அந்தப் பனியைத்தான்.

அன்றும் தொடர்பு அறுந்தது. தோண்டி தூக்கிய கையோடு நின்றுவிட்டது. தொடர்பு திரும்பியதும் மேற்பார்வையாளரின் குரல்தான் முதலில் வந்தது.

"அம்மா, இனிமே நின்னா வேற ஆளைத்தான் போடணும். கோவிச்சுக்காதீங்க."

அவள் கோபித்துக்கொண்டாள்; அவரிடமல்ல, அலைபரப்பியிடம். தரைக்கடியில் வரும் ஒளிவடத்தின் பாஷையை வீட்டுக்குப் புரியும்படி மாற்றுவது மோடம், அதை அலையாகப் பரப்புவது அலைபரப்பி. இரண்டும் ஒரே டப்பாவில் வந்தன. வீடும் என்ன பெரிய வீடு? ஒரு அறை, ஒட்டினாற்போல ஒரு சமையலறை. ஒரு மூலையில் தும்மினால் மறு மூலையில் கேட்கும். அதற்குள் அலை போய்ச் சேரவில்லையென்றால் வயிறு எரியாதா?

கணவன் குணசீலனை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். விற்பனை எந்திரன் வீட்டின் அளவைக் கேட்டுவிட்டு, உள்ளங்கையளவு கருவி ஒன்றைக் காட்டியது.

"ஒரு அறைக்கு இதுவே தாராளம். பழைய கருவியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

"பத்திரமாத்தான் வச்சிருக்கோம். எங்களப் பாத்தா இத்துனூண்டு வாங்குற ஆளுங்க மாதிரியா தெரியுது?"

"எதிர்வீட்டுலயே ஆறு கொம்பு வச்சது" என்றான் குணசீலன்.

மாளிகைகளுக்கென்றே செய்த, எட்டுக் கொம்பிலிருந்தும் அலை வீசும் கருவி வீட்டுக்கு வந்தது. மேலே ஒட்டியிருந்த பளபளப்புத் தாளை அவள் உரிக்கவிடவில்லை. செவ்வாயின் சிவப்புப் புழுதி எந்தக் கதவுக்கும் அடங்காது. பழைய கருவிக்குக் கல்யாணப் புடவையின் சரிகைக் கரையை வெட்டிப் போர்வை தைத்திருந்தாள். எட்டுக் கொம்புக்கு அது எட்டவில்லை. அசல் வெள்ளிச் சரிகை இழைத்த முந்தானையையே வெட்டி, இரண்டு மடிப்பாகத் தைத்துப் போர்த்தினாள்.

மறுநாள் கையுறையை மாட்டினாள். தோண்டி அசையவே இல்லை.

பழுதுபார்க்கும் எந்திரன் வந்தபோது வாசலிலிருந்தே தொடங்கினாள். "எட்டுக் கொம்பாம். எதுக்கு, முட்டுறதுக்கா? கேக்க ஆளில்லேன்னு நெனச்சிட்டீங்களா?"

எந்திரன் முழுவதையும் கேட்டுக்கொண்டது. பிறகு போர்வையைத் தூக்கியது. கையுறை துடித்தது, துருவத்தில் தோண்டி நிமிர்ந்தது.

"வெள்ளிச் சரிகை அலையைத் தடுக்கும், அம்மா. மேலே எதையும் போடாதீர்கள். உங்கள் பழைய கருவியும் பழுதில்லை. புழுதியைத் தாங்கும்படிதான் இவற்றைச் செய்கிறோம்."

அது போனதும் அவள் குணசீலனிடம் பொருமித் தீர்த்தாள். "கம்பெனிக்காரன் பழக்கி அனுப்பியிருக்கான் பாருங்க. சாமான் மட்டம்னு சொல்ல வாய் வருதா? நம்ம துணி மேல பழி. அது கை வச்சதுல ஏதோ சரியாயிருச்சு, அவ்வளவுதான்."

வேலைக்கு நேரமாகிவிட்டதால் போர்வை நாற்காலியிலேயே கிடந்தது. அன்று தோண்டி ஒரு கணமும் நிற்கவில்லை. மேற்பார்வையாளரே அழைத்தார்.

"இன்னிக்கு அருமைம்மா. இந்தப் பாறையையும் முடிச்சிருங்க, வேலையை நிரந்தரமாக்கிடலாம்."

அவளுக்கு மனசு குளிர்ந்தது. பூரிப்போடு அலைபரப்பியைப் பார்த்தாள். மூன்றாவது கொம்பில் மெல்லிசாகச் சிவப்புப் புழுதி. பகீரென்றது. இவ்வளவு நன்றாக உழைக்கிற பொருளை இப்படியா போட்டுவைப்பது? எதிர்வீட்டுக்காரி பார்த்தால் கண்ணும் பட்டுவிடும். கட்டியிருந்த புடவையின் தலைப்பால் துடைத்து, போர்வையை எடுத்து, எட்டுக் கொம்பும் மறைய இழுத்துப் போர்த்திவிட்டுக் கையுறைக்குத் திரும்பினாள்.

தோண்டி தூக்கிய கையோடு நின்றது.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல?" அவள் குரல் அறைக்கும் சமையலறைக்கும் கேட்டது. "அத்தனையும் ஏமாத்து. ஏங்க, பதினாறு கொம்பு வச்சது வந்திருக்காமே?"

குணசீலன் கடைக்குப் போகச் சட்டையை மாட்டினான். அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்ட செய்தி அதற்குள் ஒளிவடம் வழியாக வந்து, வெளியேற வழியில்லாமல் போர்வைக்குள்ளேயே கிடந்தது.