நாளை நீக்க வேண்டிய சாவி

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண், இன்னும் கையெழுத்தாகாத தன் வேலைநீக்கக் கடிதத்தைத் துப்பறிபவரின் மேசையில் வைத்தாள். அவருக்கு நிதானம் என்று பெயர் வைத்தவர்கள் தீயணைப்புத் துறையினர். அவர் வீடு பற்றிக்கொண்ட அன்று, காபியை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாராம்.

"அஞ்சு மணிக்கு மேனேஜர் கையெழுத்துப் போட்டுடுவார் சார். அஞ்சு சர்வருக்கும் ஒரு கள்ள மென்பொருள் பேக்கேஜ் வந்துச்சு. நாலு திருப்பி அனுப்பிடுச்சு, ஒண்ணு ஏத்துக்கிச்சு. முப்பத்தோரு பேர் ரிசல்ட் மாறிப்போச்சு. நான்தான் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி அதை ஏத்திட்டேங்கிறார்."

"வெளியாள் வேலை மாமா. ஜன்னலைப் பாக்கணும்" என்றான் நிதானத்தின் மச்சினன்.

"சர்வர் ரூமுக்கு ஜன்னலே இல்லைங்க."

"அதான் சந்தேகமா இருக்கு."

மூவரும் கடிதத்தோடு கூடத்துக்குப் போனார்கள். மேனேஜர் மூலையிலிருந்த சர்வரைக் கன்றுக்குட்டியைப் போலத் தட்டிக்கொடுத்தார். "ஏழு வருஷம் முன்னாடி என் கையால நிறுவினது. நாலு தடவை ஆபரேட்டிங் சிஸ்டம் மாத்தியாச்சு. ஒரு தடவைகூட அழிக்க விடல."

நிதானம் பதிவேட்டைத் திரையில் இரண்டு முறை படித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு பேக்கேஜும் அதைச் செஞ்சவங்க முத்திரையோட வரும். முத்திரை நிஜமான்னு பாக்க சர்வர்கிட்ட சாவிகள் இருக்கும். பொருந்தலைன்னா வாசலோட சரி. இவங்க சோதனையைத் தாண்டியிருந்தா, 'சோதிக்கவில்லை'ன்னு பதிவாகியிருக்கும். இங்க 'முத்திரை சரி'ன்னு இருக்கு. அப்போ பொருந்துற சாவி இதுல மட்டும் இருந்திருக்கு. மத்த நாலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"இது மூலையில இருக்கு மாமா."

"அந்த நாலையும் போன வருஷம் அழிச்சுட்டுப் புதுசா நிறுவினேன் சார்" என்றாள் அவள். "இதையும் கேட்டேன். வேண்டாம்னுட்டார்."

"வீட்டுக்கு எத்தனை தடவை வெள்ளையடிச்சாலும் பழைய ஆணி சுவத்துலயேதான் இருக்கும். ரிப்போர்ட் அச்சடிக்க ஒரு கம்பெனி மென்பொருள் கொடுத்துது. அது மூடி அஞ்சு வருஷமாச்சு. அவங்க முத்திரை யார் கைக்குப் போச்சோ, போலீஸ் தேடட்டும். அந்தக் கம்பெனி சாவியை இங்க வச்ச தேதி ஏழு வருஷம் முன்னாடி. இவங்க வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம்." நிதானம் திரையை மேனேஜர் பக்கம் திருப்பினார். சாவிக்கு மேல் ஒரு குறிப்பு இருந்தது: தற்காலிகம். நாளை நீக்கவும். அடியில் மேனேஜரின் பெயர்.

மேனேஜர் அதை வேறு யாரோ எழுதியதைப் போலப் படித்தார். "அன்னிக்கு ரிப்போர்ட் நின்னுபோச்சு. அவசரம். சரி, மூணு வருஷமா இவ பாக்கலையே?"

"பாக்கல. அது தப்புதான். ஆனா உங்க கடிதத்துல அப்படி எழுதலையே."

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. மேனேஜர் கடிதத்தை நான்காகக் கிழித்தார். குப்பைக்கூடை எங்கே என்று தெரியாததால் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "மொதல்ல அந்தச் சாவியைத் தூக்கும்மா" என்றுவிட்டு வெளியேறினார்.

அவள் நீக்கினாள். மிச்சச் சாவிகளின் பட்டியலைத் திறந்தாள். கடைசிச் சாவியில் அவள் விரல் நின்றது. வைத்த தேதி போன மாதம். தற்காலிகம். நாளை நீக்கவும். அடியில் அவள் பெயர்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற நிதானம் குடையை எடுத்துக்கொண்டார்.

"கேஸ் முடிஞ்சுதா மாமா?" என்றான் மச்சினன், வாசலில்.

"நாளைக்கு முடிஞ்சிடும்" என்றார் நிதானம்.