இந்த ஊட்ல ஆருமில்ல

பழைய தெருவில் யாரோ வாசல் தெளித்திருந்தார்கள். சாணித் தண்ணீர் இன்னும் காயவில்லை. சென்னம்மாள் நடையை நிறுத்தினாள். கொட்டச்சேடு மலையூருக்குக் கீழே, காப்பிச் செடிகளுக்குள் புதைந்து கிடக்கும் இந்தத் தெருவில் ஆள் குடியிருந்து எத்தனையோ காலமாயிற்றே!

ஒரு காலத்தில் இதுதான் ஊர். சாயங்காலமானால் ராகி அரைக்கும் திருகைச் சத்தமும், பிள்ளைகளை அதட்டும் குரல்களும், விறகுப் புகையும் சேர்ந்து எழும்பும். உப்பு வாங்கக்கூட ஒண்டிக்கடை பஜாருக்கு நடந்துதான் போவார்கள். அப்புறம் மேலே தார் ரோடு வந்தது, பஸ் வந்தது, பஸ்ஸைப் பார்த்து ஊரே மேடேறிவிட்டது. இப்போது அங்கே செல்போன் கடை, பிரியாணிக் கடை, முக்குக்கு முக்கு லாட்ஜ்.

"ஏஞ்சாமி, வாசல் ஆரு தெளிச்சா?"

முன்னால் போன மகன் அன்பழகன் திரும்பவில்லை. "தெரீலம்மா. வெரசா வா, பனி எறங்குது."

நிலம் அவள் பேரில் இருந்தது. ரிசார்ட் கட்டக் கேட்டு வந்தவனுக்கு அவள் கைநாட்டு வைக்க மறுத்துவிட்டாள். புருஷன் சித்தனைப் புதைத்த மண்ணில் எவனோ நீச்சல் குளம் வெட்டுவதா? அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத மகன் இன்றைக்கு, "விக்க வேண்டாம் உடும்மா. பழைய ஊட்ட ஒருக்கா பாத்துட்டு வரலாம்" என்றதும், பாழாய்ப்போன பெற்ற மனசு இளகிவிட்டது.

கதவு தொட்டதும் திறந்தது. அவள் மட்டும் உள்ளே போனாள். ஈர மண் வாடை, எலிப் புழுக்கை வாடை, அதற்கும் அடியில், இப்போதுதான் சோறு வடித்த அடுப்பின் வாசம். சாம்பலில் விரலை வைத்தாள்.

சுட்டது.

வெளியே அன்பழகனின் குரல் கேட்டது. "இந்த ஊட்ல ஆருமில்ல."

சென்னம்மாள் கதவுப் பக்கம் திரும்பினாள். வீட்டைக் காலி செய்து போகிறபோது ஆண்பிள்ளை வாசலில் நின்று மூன்று தரம் சொல்லிக் கதவைச் சாத்துகிற சொல் அது. சொல்லுமுன் பூனைகூட உள்ளே இல்லையென்று பார்த்துக்கொள்வார்கள். உள்ளே அகப்பட்டது எதுவும் அதன்பின் உயிரோடிருப்பவர்களோடு சேர்த்தியில்லை.

"அன்பு! நா உள்ள இருக்கறன்டா!"

"இந்த ஊட்ல ஆருமில்ல." குரல் நடுங்கியது. நிற்கவில்லை.

"வேண்டாஞ்சாமி! கைநாட்டு வெக்கறன்! நீ என்ற மவன்டா!"

மூன்றாவது தரம்.

கதவு சாத்திக்கொண்டது.

பூட்டவில்லை. அதுதான் கொடுமை. தள்ளினாள், திறந்தது. அன்பழகன் வாசலிலேயே நின்று செல்போனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் முகத்துக்கு நேரே.

"அம்மாங்களா? அவங்க தவறி நொம்ப வருசமாச்சுங்க. நீங்க மிஷின எறக்குங்க."

பொய் சொன்னால் அவன் காது சிவந்துவிடும், சின்னதிலிருந்தே. இப்போது சிவக்கவில்லை. நிஜமாகவே நம்பித்தான் சொல்கிறான். சட்டையைப் பிடித்தாள். கையில் வெறும் பனி. அவன் மேடேறிப் போய்விட்டான்.

அட பாவி. உன்னைப் போயா பெற்றேன்!

முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து, யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்தார்கள். அந்தக் கை மட்டும் கெட்டியாக இருந்தது. திரும்பினாள். மாமியார் பழனியம்மாள்.

தன் கல்யாணத்துக்கு முன்பே செத்துப்போனதாக இத்தனை காலம் நம்பியிருந்த மாமியார். அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாம் வந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து இந்த அடுப்பில் களி கிண்டியது. ஊர் மேடேறிய அன்று வாசலில் சித்தன் சொன்ன அந்தச் சொல். உள்ளேயிருந்து வந்த அலறல். சித்தனுக்குப் பக்கத்தில் தானும் நின்றது. இடுப்பில் அன்பழகன்.

"கூப்புடு கண்ணு" என்றாள் பழனியம்மாள். "பெத்த தாய் கூப்புட்டா வராம எங்க போயிருவான்?"

பனி விலகியது. தெரு நெடுக, வாசலுக்கொரு கிழவி. எல்லோரும் மேட்டைப் பார்த்து, அவரவர் மகன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சென்னம்மாளின் வாயும் தானாகத் திறந்தது.